இரண்டு கிழமைக்கு வரும் மருத்துவக் குழுவா, பக்கத்து ஒழுங்கையில் இருக்கும் ஓய்வுபெற்ற நேர்ஸா?

போன மாதம் ரொறன்ரோவிலிருந்து எங்கள் ஊர்ச் சங்கச் செயலாளர் போன் எடுத்தார். என் தம்பியோடு படித்தவர். ஆகவே எனக்கும் தம்பிதான். "அக்கா, இந்த ஆவணிக்கு இங்கேயிருந்து டொக்டர்மாரும் நேர்ஸ்மாருமாக எட்டுப் பேர் வர நிக்கினம். சும்மா முகாம் வைத்து மருந்து குடுத்துவிட்டு வராமல், அங்கேயுள்ள நேர்ஸ்மாருக்கு ரெண்டு கிழமை பயிற்சி குடுத்தால், அவையள் பிறகு இல்லத்துப் பிள்ளையளைப் பார்ப்பினம்தானே? இல்லாட்டி அந்தக் காசை வேறை வழியிலை செலவழிக்கலாமோ? நீங்கள் சொல்லுங்கோ" என்றார்.

கேள்வி நல்ல கேள்வி. நான் போனில் சொன்ன பதில்தான் அரைகுறை. அடுப்பில் பால் கிடந்தது. ஆறுதலாக யோசித்து இப்போது எழுதுகிறேன். முப்பது வருடத்துக்கு மேல் அரசாங்க வைத்தியசாலைகளில் தாதியாக இருந்தவள் நான். அதில் பாதிக்காலம் பிள்ளைகள் வாட்டில். ஓய்வுக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில், வலிகாமத்தில் ஒரு சிறிய சிறுவர் இல்லத்தின் நிர்வாக சபையில் இருக்கிறேன். இதே யோசனையோடு வேறு ஊர்ச் சங்கங்களும், பழைய மாணவர் சங்கங்களும் இருப்பதால் எல்லாருக்கும் பொதுவாகவே சொல்கிறேன்.

முதலில் பிள்ளைகள். வெளிநாட்டில் இருக்கும் எங்கள் சனத்துக்கு 'அநாதைப் பிள்ளைகள்' என்றவுடன் மனதில் வருவது இன்னமும் 2009தான். அந்த வருடம் முகாமிலிருந்து வந்த பிள்ளைகள் இப்போது பெரியவர்கள். ஒருத்தி போன தைப்பொங்கலுக்குத் தன் கைக்குழந்தையோடு வந்து புக்கை சாப்பிட்டுவிட்டுப் போனாள். இன்றைக்கு இல்லத்தில் இருக்கும் இருபத்தாறு பேரில் தாய் தகப்பன் இரண்டு பேரையும் இழந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். மற்றவர்களுக்கு யாரோ இருக்கிறார்கள். தாய் மத்திய கிழக்கில், தகப்பன் எங்கேயென்று தெரியாது. தாய் மறுமணம் செய்த வீட்டில் இடமில்லை. தகப்பனின் குடியால் நீதிமன்றமே எடுத்து அனுப்பியது. கை கால் இயங்காத பிள்ளையைத் தனியே வைத்துப் பார்க்க அம்மம்மாவுக்கு உடம்பில் பலம் இல்லை. நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தின் கோப்புகளைப் புரட்டினால் இப்படித்தான் இருக்கும்.

அடுத்தது, இவர்களைத் தூக்கிக் குளிப்பாட்டிச் சோறு தீத்துவது யார்? நேர்ஸ் அல்ல. பகலில் மூன்று அன்ரிமார், இரவில் ஒருவர். சாதாரண தரம் வரை படித்தவர்கள், தங்கள் பிள்ளைகளை வளர்த்த அனுபவம் உள்ளவர்கள். வெளியே இருந்து காசு தருகிறவர்களில் பலருக்கு இது தெரியாது. 'உள்ளூர் நேர்ஸ்மாருக்குப் பயிற்சி' என்று சொல்லும்போது அவர்கள் கண்ணில் தெரிவது வெள்ளைச் சீருடை போட்ட ஒருவர் தொட்டிலுக்குப் பக்கத்தில் நிற்பது. அந்த நேர்ஸ் தெல்லிப்பழையிலோ பெரியாஸ்பத்திரியிலோ தன் வாட்டில் நிற்கிறார். எங்கள் பிள்ளை அவரிடம் போய்ச் சேரும்போது வருத்தம் ஏற்கெனவே முற்றியிருக்கும். காய்ச்சல் தொடங்கிய முதல் இரவு நெற்றியில் கை வைப்பது அன்ரி.

ஆகவே தம்பி கேட்ட கேள்வியில் ஒரு சொல்லை மாற்றிவிட்டுத்தான் மேலே போக முடியும். நேர்ஸுக்குப் பயிற்சியா, அன்ரிக்குப் பயிற்சியா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

வந்து போகும் குழு

சில வருடத்துக்கு முன் ஒரு குழு எங்களிடம் வந்தது. எந்த நாடு, எந்த அமைப்பு என்பது வேண்டாம். நல்ல மனிதர்கள், தங்கள் விடுமுறையையும் சொந்தக் காசையும் செலவழித்து வந்தவர்கள். பத்து நாள் நின்றார்கள். அதில் மூன்று நாள் பயிற்சி. வைத்தியசாலைகளிலிருந்து நேர்ஸ்மார், பக்கத்து இல்லங்களிலிருந்து அன்ரிமார், எல்லாமாக இருபத்திரண்டு பேர். புரொஜெக்டர், பொம்மை, குழந்தைக்கு மூச்சுக் கொடுக்கும் பை எல்லாம் கொண்டு வந்தார்கள்.

அதில் எது மிஞ்சியது என்று சொல்கிறேன்.

மிஞ்சியது ஒரு மத்தியான நேரம். எங்களிடம் ஒரு பிள்ளை இருக்கிறான், பெருமூளை வாதம். ஆறு வயதிருக்கும் அப்போது. அவனை மடியில் மல்லாக்கப் படுக்கவைத்து, கரைத்த சோற்றை வாயில் ஊற்றுவதுதான் வழக்கம். ஊற்ற ஊற்றப் புரையேறும். மாதத்துக்கு ஒருமுறை நெஞ்சில் சளி, ஆஸ்பத்திரி. குழுவில் வந்த ஒரு வயதான நேர்ஸ் வகுப்புக்குப் போகாமல் சமையலறை வாசலில் நின்று இதைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. பிளாஸ்டிக் கதிரை ஒன்றை எடுத்தார், இரண்டு துவாயைச் சுருட்டி இரண்டு பக்கமும் வைத்தார், பிள்ளையை நிமிர்த்தி இருத்தினார், கால் தொங்காமல் கீழே ஒரு பலகையை வைத்தார். நாடியைக் கொஞ்சம் கீழே சாய்த்து, சின்னக் கரண்டியால், கரைசலாக இல்லாமல் குழைவாக, ஒரு வாய். விழுங்கும்வரை பொறுத்திருந்து அடுத்த வாய். முடிய முக்கால் மணித்தியாலம் ஆனது. அடுத்த நாள் கரண்டியை அன்ரியின் கையில் கொடுத்துவிட்டுத் தான் பின்னால் நின்றார். இன்றைக்கும் அந்தக் கதிரை, அந்தத் துவாய், அதே முறை. நெஞ்சுச் சளிக்கு அவனைக் கொண்டு ஓடுவது நன்றாகக் குறைந்துவிட்டது.

மிஞ்சாதது மிச்சமெல்லாம். மூச்சுப் பை நிர்வாக அறை அலுமாரியில் இருக்கிறது, திறப்பு செயலாளரிடம். சான்றிதழோடு படம் எடுத்த இருபத்திரண்டு பேரில் அரசாங்க நேர்ஸ்மாருக்கு இடமாற்றம் வந்தது. 2022 நெருக்கடிக்குப் பிறகு சிலர் நாட்டை விட்டே போனார்கள். அன்ரிமாரில் இரண்டு பேர் வேலையை விட்டுவிட்டார்கள். இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. மூன்று நாள் வகுப்பில் சொன்னது ஒருவருடைய தலைக்குள் மட்டும் இருந்தால், அந்தத் தலை போகும்போது அதுவும் போகும்.

இன்னொன்றும் நடந்தது. காய்ச்சலுக்குப் பனடோலும் இபுபுரூஃபனும் மாறி மாறிக் கொடுக்கலாம் என்று ஒரு இளம் டொக்டர் படிப்பித்தார். அவருடைய நாட்டில் அது சாதாரணம். இங்கே மாரி தொடங்கினால் டெங்கு. டெங்குச் சந்தேகம் இருக்கும் பிள்ளைக்கு இபுபுரூஃபன் கொடுத்தால் இரத்தப்போக்கு ஆபத்து. பனடோல் மட்டும்தான், அதுவும் நிறைக்கேற்ற அளவு. பின்வரிசையில் இருந்த ஒரு நேர்ஸ்தான் எழும்பி, மரியாதையாக, "டொக்டர், இங்கே அது வேண்டாம்" என்று சொன்னா. எழும்பாமல் விட்டிருந்தால்? அன்ரிமார் கொப்பியில் எழுதிவிட்டார்கள். பயிற்சி கொடுக்க வருகிறவர் முதல் இரண்டு நாள் பயிற்சி பெறுகிறவராக இருக்க வேண்டும் என்று அன்றைக்கு முடிவெடுத்தேன்.

மொழியையும் சொல்ல வேண்டும். கனடாவில் பிறந்த எங்கள் பிள்ளைகள் தமிழ் பேசுகிறார்கள், சந்தோஷம். ஆனால் சொறி, சத்தி, முட்டு, வலிப்பு என்பதற்கெல்லாம் அவர்களுக்கு வருவது ஆங்கிலச் சொல். 'வாய்வழி நீரேற்றக் கரைசல்' என்று ஒருவர் தேடிப் பிடித்துச் சொன்னார், அன்ரிமார் விழித்தார்கள். வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கும் ஜீவனி என்று நான் சொன்னதும் எல்லாருக்கும் விளங்கியது.

படம் எடுக்கும் விஷயம் எனக்கு மனக்கசப்பு. மூன்று வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி முதல் நாளே வந்தவர்களின் காலைக் கட்டிப் பிடித்தாள். இறக்க இறக்க ஏறினாள். "எவ்வளவு அன்பான பிள்ளை!" என்று ஆளுக்காள் தூக்கிப் படம் எடுத்தார்கள். முன்பின் தெரியாத யாரிடமும் ஓடிப் போகும் பிள்ளை அன்பான பிள்ளை அல்ல. தனக்கென்று ஒருவர் இல்லாத பிள்ளை. பத்தாம் நாள் வான் வெளிக்கிட்டபோது அவள் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு கிழமை இரவில் எழும்பி அழுதாள். இனி வருகிற எந்தக் குழுவும் பிள்ளைகளைத் தூக்கக் கூடாது, அன்ரிமாரின் கையால்தான் எல்லாம் செய்விக்க வேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறோம். கடுமையாகத் தெரியலாம். தெரியட்டும்.

தாள் வேலையும் இருக்கிறது. வெளிநாட்டு வைத்தியர் இங்கே நோயாளியைத் தொட வேண்டுமானால் இலங்கை மருத்துவ சபையில் தற்காலிகப் பதிவு வேண்டும். மருந்து கொண்டு வருவதானால் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகார சபை. இல்லத்துக்குள் வர மாகாண நன்னடத்தைத் திணைக்களம், அரசாங்க நேர்ஸ்மாரை அழைக்கப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர். இதற்கெல்லாம் ஓடியது யார் என்று கேட்காதீர்கள்.

சரி, காசு. எட்டுப் பேரின் விமானச் சீட்டுக் காசில் இங்கே ஒரு ஓய்வுபெற்ற நேர்ஸை அரை நேரத்துக்குப் பல வருடம் வைத்திருக்கலாம் என்று சொல்வது சுகம். எங்கள் கூட்டங்களிலும் யாராவது சொல்லுவார்கள். ஆனால் அந்தக் கணக்கு முழுக்க நேர்மையானது அல்ல. சீட்டுக் காசு வருகிறவரின் சொந்தப் பை. அவர் வராவிட்டால் அது எங்கள் இல்லத்துக்கு வந்து சேராது. வேறெங்கோ சுற்றுலா போகும். வந்து கண்ணால் பார்த்தவர்தான் பிறகு பத்து வருடம் மாதாமாதம் காசு அனுப்புகிறார் என்பதும் என் அனுபவம். ஆகவே ஒப்பிட வேண்டியது சங்கத்தின் காசை மட்டும். தம்பியின் சங்கம் குழுவின் தங்குமிடம், வான், சாப்பாடு, உபகரணம் என்று ஒதுக்கியிருக்கும் தொகைதான் எங்கள் கையிலுள்ள காசு. அதுவே கணிசமானது.

அதே ஆட்கள் திரும்பி வந்தால்

வந்து போகும் குழுவுக்கும் திரும்பி வரும் குழுவுக்கும் உள்ள வித்தியாசத்தை யாழ்ப்பாணத்தாருக்கு விளக்க வேண்டியதில்லை; மானிப்பாய்ப் பக்கம் போனால் போதும். அங்கே வைத்தியசாலை நடத்திய சாமுவேல் பிஸ்க் கிறீன் அமெரிக்க மிஷன் வைத்தியராக 1847இல் இங்கே வந்தார். இடையில் சில வருடம் ஊருக்குப் போய், திரும்பி வந்து, 1873 வரை இருந்தார். தமிழ் படித்தார். முதலில் ஆங்கிலத்தில் மருத்துவம் படிப்பித்தார். பிறகு தமிழுக்கு மாறினார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் சம்பளம் உள்ள இடம் பார்த்துப் போய்விடுகிறார்கள், தமிழில் படித்தவர்கள் ஊரில் தங்குவார்கள் என்பது அவர் கண்ட காரணங்களில் ஒன்று. உடற்கூறும் அறுவையும் மகப்பேறும் தமிழ்ப் புத்தகமாயின. அறுபதுக்கு மேற்பட்டவர்கள் அவரிடம் வைத்தியம் கற்றார்கள். அவர் மதம் மாற்ற வந்தவர் என்பது தனிக்கதை, அதை மறைக்கவும் தேவையில்லை. நூற்றைம்பது வருடத்துக்கு முன் ஒருவர் கண்டுகொண்ட இடமாற்றப் பிரச்சினையும் மொழிப் பிரச்சினையும்தான் இன்றைக்கும் எங்கள் பயிற்சி வகுப்பில் வந்து குந்தியிருக்கின்றன.

இருபது வருடம் வந்து இருக்க யாராலும் இப்போது முடியாது. ஆனால் எட்டுப் பேர் ஒரு தரம் வருவதற்குப் பதிலாக, இரண்டு பேர் வருடத்துக்கு இரண்டு தரம், மூன்று வருடத்துக்கு வரலாம். அல்லது ஓய்வுபெற்ற நேர்ஸ் ஒருவர் மூன்று மாதம் வந்து தங்கலாம். அப்படி வந்தால் முதல் தரம் பார்க்கலாம், இரண்டாம் தரம் காட்டலாம், மூன்றாம் தரம் வந்து அன்ரி செய்வதைப் பார்த்துத் திருத்தலாம். கதிரையில் நிமிர்த்தி இருத்திய அந்த வயதான நேர்ஸ் மட்டும் மூன்று தரம் வந்திருந்தால் எங்கள் இல்லம் வேறு மாதிரி இருந்திருக்கும். இடையில் வட்ஸ்அப் போதும். சூம் வகுப்பும் வைத்துப் பார்த்தோம். கரண்டி பிடிக்கும் கோணத்தைத் திரையில் காட்ட முடியவில்லை, கரண்டும் நின்றது.

ஆளை அனுப்பிப் படிப்பிப்பது

இதைச் சுருக்கமாக முடிக்கிறேன், ஏனென்றால் எங்களுக்கு இது சரிவரவில்லை. அன்ரி ஒருவரைக் கொழும்புக்குப் பொறளைச் சிறுவர் வைத்தியசாலைப் பக்கம் அனுப்பினால் அங்கே சிங்களம் வேண்டும். தமிழ்நாட்டில் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம் என்று ஒருவர் சொன்னார். (யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் வைத்தியம் பார்த்த அமெரிக்க மிஷன் டொக்டர் ஜோன் ஸ்கடரின் பேத்தி ஐடாதான் 1900இல் வேலூரில் அந்த வைத்தியசாலையைத் தொடங்கியவர், அதனால் எங்கள் ஆட்களுக்கு வேலூர் என்றால் ஒரு பாசம்.) ஆனால் பெரிய ஆஸ்பத்திரியில் பழகியது பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் பொருந்தும். போனவர் திரும்பி வந்தாலும் கூடுதல் சம்பளம் உள்ள தனியார் இடத்துக்குப் போகாமல் வைத்திருக்க எங்களிடம் வழியில்லை.

பக்கத்து ஒழுங்கை நேர்ஸ்

இப்போது நான் என் தொழிலுக்கே விளம்பரம் செய்கிறேன் என்று நினைப்பீர்கள். எனக்கு இரண்டு முழங்காலிலும் நோ. எனக்கு அந்த வேலை வேண்டாம். ஆனால் யாழ்ப்பாணத்தில் எந்த ஒழுங்கைக்குள் போனாலும் ஓய்வுபெற்ற ஒரு நேர்ஸோ மிட்வைவோ இருப்பார். பிள்ளைகள் வெளிநாட்டில், வீட்டில் தனியே, பென்சன் வருகிறது, பின்னேரம் கோயில். அப்படி ஒருவரைக் கிழமையில் நான்கு நாள், நாளுக்கு மூன்று மணித்தியாலம் வரச் சொன்னோம். அன்ரிமாருக்கு அவர் 'மிஸ்ஸி'. முதலில் சும்மா வருகிறேன் என்றார். வேண்டாம், சம்பளம் வாங்குங்கள் என்றேன். சும்மா வருகிறவரிடம் ஏன் வரவில்லை என்று கேட்க முடியாது.

அவர் வகுப்பு எடுக்கவில்லை. முதல் கிழமை ஒரு மேசை லாச்சியைத் துப்புரவாக்கினார். திகதி முடிந்த பாணி மருந்துகள், யாருடையதென்று தெரியாத குளிசைகள், பாதி பாவித்த கண் மருந்து. பிறகு ஒரு பெரிய கொப்பி. பிள்ளைக்கு ஒரு பக்கம்: நிறை, ஊசி போட்ட திகதி, கொடுக்கும் மருந்து, கொடுத்தவர் கையெழுத்து. ஜீவனிப் பைக்கற்றைப் பாதியாகக் கிழித்து ஒரு கோப்பைத் தண்ணீரில் கண்மதிப்பாகக் கரைக்கும் வழக்கம் இருந்தது. ஒரு லீற்றர் அளவுப் போத்தல் ஒன்றைக் கோடு போட்டு வைத்தார்; ஒரு பைக்கற், அந்தக் கோடு வரை ஆறவைத்த தண்ணீர், நாள் முடிந்தால் ஊற்றிவிட வேண்டும். சொறி வந்தபோது சொறி உள்ள நான்கு பேருக்கு மட்டும் மருந்து பூசாமல், அன்ரிமார் உட்பட எல்லாருக்கும் ஒரே இரவில் பூசி, அடுத்த நாள் பாயும் போர்வையும் முழுக்க வெயிலில். ஆறு மாதமாகச் சுற்றிச் சுற்றி வந்த சொறி நின்றது.

ஒரு நாள் பின்னேரம் நான் போனபோது விறாந்தையில் இரவு அன்ரி ஒரு இரண்டு வயதுப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு போனைப் பார்த்தபடி இருந்தா. எனக்குக் கோபம் வந்தது. கிட்டப் போனபிறகுதான் தெரிந்தது, பிள்ளையின் சட்டையை மேலே தூக்கிவிட்டு, போனில் ஒரு நிமிடம் ஓடவிட்டு, வயிறு ஏறி இறங்குவதை வாய்க்குள் எண்ணுகிறா. "நாப்பத்தி நாலு, அக்கா. மிஸ்ஸி நாப்பதுக்கு மேலே எண்டால் கொண்டு போகச் சொன்னவா." ஒன்று முதல் ஐந்து வயது வரை நிமிடத்துக்கு நாற்பது அல்லது அதற்கு மேல் மூச்சு என்றால் நிமோனியாவாக இருக்கலாம், இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயது வரை ஐம்பது. உலக சுகாதார நிறுவனத்தின் அளவு இது, எந்த இயந்திரமும் தேவையில்லை. பிள்ளை அழாமல் இருக்கும்போது முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும், அவ்வளவுதான். அன்று பின்னேரமே பிள்ளையை ஆட்டோவில் ஏற்றினோம். மூன்று நாள் வாட்டில் இருந்து வந்தது.

இதே மூச்சு எண்ணும் பாடம் அந்த வெளிநாட்டுக் குழுவின் புரொஜெக்டரிலும் இருந்தது. அதே அன்ரிதான் அதையும் கேட்டவர்.

குறை இல்லையா என்றால், இருக்கிறது. பழைய நேர்ஸ்மாருக்குப் பழைய பழக்கம். எங்கள் மிஸ்ஸி வலிப்பு வந்த பிள்ளையின் வாயில் கரண்டி வைக்கச் சொன்னா. அது இப்போது கூடாது, பக்கவாட்டில் சரித்துப் படுக்கவைத்து நேரம் பார்க்க வேண்டும், ஐந்து நிமிடம் தாண்டினால் 1990 அம்புலன்ஸுக்கு அடிக்க வேண்டும் என்று நான்தான் சொல்லித் திருத்தினேன். வாட்டில் ஆட்களை ஏவிப் பழகிய குரல் அன்ரிமாருக்குப் பிடிக்காமல் ஒரு மாதம் முகம் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார்கள். இயன்மருத்துவம், பேச்சுப் பயிற்சி, சக்கர நாற்காலியைப் பிள்ளையின் உடம்புக்கு ஏற்ப அமைப்பது போன்றவை அவருக்குத் தெரியாது. அங்கேதான் வெளியிலிருந்து வருகிறவர் வேண்டும்.

பயிற்சியா, கையா

இதுவரை பயிற்சியை யார் கொடுப்பது என்று பார்த்தோம். பயிற்சி மட்டும் போதுமா என்று ரஷ்யாவில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். சென்ற் பீற்றர்ஸ்பேர்க் நகரில் மூன்று குழந்தை இல்லங்கள். ஒன்றில் பராமரிப்பாளர்களுக்குப் பயிற்சி கொடுத்ததோடு, பிள்ளைகளைச் சிறு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் நிரந்தரமாக இரண்டு பேரைப் பொறுப்பாக்கி, வயது ஏற ஏற அறை மாற்றுவதை நிறுத்தினார்கள். இரண்டாவதில் பயிற்சி மட்டும். மூன்றாவதில் ஒன்றும் மாற்றவில்லை. 2008இல் முடிவு வெளியானது. பயிற்சியும் மாற்றமும் சேர்ந்த இல்லத்துப் பிள்ளைகள் பேச்சிலும் பழக்கத்திலும் மட்டுமல்ல, உயரத்திலும் நிறையிலுமே முந்தினார்கள். சாப்பாட்டையோ மருந்தையோ யாரும் மாற்றவில்லை. பயிற்சி மட்டும் கொடுத்த இடத்தில் பலன் குறைவு. வலது குறைந்த, அதாவது உடல், மூளைக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கும் அப்படித்தான்.

வாட்டில் இருந்த எனக்கு இது புதினமாகப் படவில்லை. இரவில் இருபத்தாறு பேருக்கு ஒரே அன்ரி என்றால், அந்த அன்ரிக்கு எவ்வளவு படிப்பித்தாலும் போத்தலைத் துவாயில் முட்டுக்கொடுத்துக் குழந்தையின் வாயில் வைத்துவிட்டு அடுத்த பிள்ளையிடம்தான் ஓடுவா. தூக்கி மடியில் வைத்துப் பால் கொடுக்க வேண்டும் என்று அவவுக்குத் தெரியாமல் இல்லை. கை இரண்டுதான். ஆகவே சங்கத்திடம் ஒரு தொகைதான் உண்டு என்றால், முதல் ரூபாய் இரவுக்கு இன்னொரு அன்ரிக்குப் போக வேண்டும் என்பது என் கருத்து. படம் எடுத்துப் போட ஏற்ற செலவு அல்ல இது. மாதச் சம்பளத்துக்கு ரிப்பன் வெட்ட முடியாது.

கேட்காத கேள்வி ஒன்றும் இருக்கிறது. அம்மம்மாவால் பார்க்க முடியாமல் வந்த பிள்ளைக்கு, அதே காசை அம்மம்மாவிடம் மாதாமாதம் கொடுத்தால் என்ன? ருமேனியாவில் 2000இல் தொடங்கிய ஆய்வொன்றில் இல்லங்களிலிருந்த 136 சின்னப் பிள்ளைகளில் பாதிப்பேரைக் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். போனவர்களின் அறிவு வளர்ச்சி மேலாக இருந்தது. இரண்டு வயதுக்கு முன் போனவர்களுக்கு இன்னும் மேல். எங்கள் இல்லத்திலிருந்து இரண்டு பிள்ளைகள் இப்படித் திணைக்களத்தின் அனுமதியோடு உறவினர் வீட்டுக்குத் திரும்பியிருக்கிறார்கள். ஒன்று நன்றாகப் போகிறது. மற்றது எட்டு மாதத்தில் எங்களிடமே திரும்பி வந்தது, காரணத்தைச் சொல்ல மாட்டேன். நீதிமன்றம் பாதுகாப்புக்காக அனுப்பிய பிள்ளைக்கு இந்த வழி பொருந்தாது. வறுமைக்காக மட்டும் வந்த பிள்ளைக்குப் பொருந்தும். எந்தப் பிள்ளை எந்த வகை என்று பார்ப்பது நன்னடத்தை உத்தியோகத்தரின் வேலை. சங்கம் தலையிட வேண்டாம். ஆனால் 'இல்லத்துக்கு மட்டும்தான் காசு' என்று சங்கத்தின் யாப்பில் எழுதி வைத்திருந்தால் அதை மாற்றுங்கள்.

அப்ப என்ன செய்யலாம்?

தம்பி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். எங்களைப் போல நேர்ஸ் இல்லாத, கை போதாத இல்லம் என்றால் வரிசை இதுதான்: இரவுக்கு இன்னொரு அன்ரி, அடுத்தது அரை நேர ஓய்வுபெற்ற நேர்ஸ், அதற்குப் பிறகு குழு. இந்த வருடம் குழுவுக்கு ஒதுக்கியதில் பெரும் பங்கை முதல் இரண்டுக்கும் மூன்று வருடத்துக்கு என்று எழுதிக் கொடுங்கள். ஒரு வருடம் கொடுத்து நிறுத்துவதென்றால் தொடங்க வேண்டாம். பிள்ளைகளுக்குப் பழகிய முகத்தைப் பறிப்பதாகிவிடும். அப்புறம், எங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிடம் கேட்டால் அவர்களே வந்து அன்ரிமாருக்குச் சொல்லித் தருவார்கள், காசில்லாமல். இதை நாங்களே நான்கு வருடம் கேட்காமல் இருந்தோம் என்பது எங்கள் வெட்கம்.

நேர்ஸும் கையும் ஏற்கெனவே போதுமான இல்லங்களும் யாழ்ப்பாணத்தில் உண்டு. வலது குறைந்த பிள்ளைகளை அதிகமாக வைத்துப் பார்க்கும் இடங்களும் உண்டு. அங்கே என் வரிசையைத் தலைகீழாக்குங்கள். அங்கே குழுதான் முதல். இயன்மருத்துவர், பேச்சு மருத்துவர், நாற்காலி அமைக்கத் தெரிந்தவர் என்று இங்கே கிடைப்பதற்கு அரிதானவர்களாகப் பார்த்து அனுப்புங்கள். பொது வைத்தியர் எங்களிடம் இருக்கிறார்கள்.

வருகிற எட்டுப் பேரையும் மறிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆசையோடு சீட்டு எடுத்திருப்பார்கள். இரண்டு பேர் எங்களிடம் வரட்டும், மற்றவர்கள் வேறு இடங்களுக்குப் பிரியட்டும். வருகிற இரண்டு பேரில் ஒருவராவது அடுத்த மாசியில் திரும்பி வருவதாக இப்போதே சொல்ல வேண்டும். முதல் இரண்டு நாள் சமையலறை வாசலில் நின்று பார்க்க வேண்டும். புரொஜெக்டர் வேண்டாம், துவாய் நான்கு கொண்டு வரலாம். பிள்ளைகளைத் தூக்கவும் படம் எடுக்கவும் கூடாது என்பதை அங்கேயே சொல்லிவிடுங்கள், நான் இங்கே சொல்லி முகத்தை முறிக்க வேண்டியிருக்காது.

திகதியையும் பார்த்துப் போடுங்கள். நல்லூர்க் கோயில் திருவிழாவுக்குக் கொடி ஏறமுதல் என்றால் வசதி. தேருக்கும் தீர்த்தத்துக்கும் வகுப்பு வைத்தால் அன்ரிமார் வரமாட்டினம், மிஸ்ஸியும் வரமாட்டா. நானும்தான்.